நோயாளியின் அருகே நிற்பவன்

ஒரு பெண் செவிலியப் பயிற்சியில் சேர்ந்தால், அவள் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாள் என்று யாரும் கேட்பதில்லை. அது பெண்ணுக்கு இயல்பான பணி என்று குடும்பமும் ஊரும் ஏற்றுக்கொள்கின்றன. ஓர் இளைஞன் அதே பயிற்சியில் சேரும்போது கேள்விகள் எழுகின்றன. ‘மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லையா?’ ‘வெளிநாடு செல்வதற்காகவா?’ ‘வேறு வேலை எதுவும் அகப்படவில்லையா?’ என்று உறவினர்கள் விசாரிக்கிறார்கள். அவனுக்குப் பெண் பார்க்கச் செல்லும் இடத்திலும் இதே விசாரணை தொடர்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் அப்போது சுமார் 2 கோடியே 79 லட்சம் செவிலியர் பணியாற்றினர். அவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். எஞ்சிய ஒரு பங்கினரான ஆண்களிடம்தான் காரணம் கேட்கப்படுகிறது.

இந்தக் கேள்விக்குள் இரண்டு கருத்துகள் அடங்கியிருக்கின்றன. பரிவு பெண்ணின் குணம், ஆணுக்கு அது அயலானது என்பது ஒன்று. சம்பளத்திற்காகச் செய்யும் பணியில் உண்மையான சேவை இருக்க முடியாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சரியானவைதாமா என்று ஆராய்வது, செவிலியப் பணியை ஏற்கும் இளைஞனுக்கு மட்டுமன்றி, நோயாளியுள்ள ஒவ்வோர் இல்லத்திற்கும் பயன் தரும்.

நான்காவது தூண்

இன்று வழங்கும் ‘செவிலியர்’ என்ற சொல் ‘செவிலி’ என்பதிலிருந்து வந்தது. பழந்தமிழ் இலக்கியத்தில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்தெடுத்த தாய். எனவே சொல்லிலேயே தாய்மை படிந்திருக்கிறது. ஆனால் அதே தமிழில் வேறொரு சொல்லும் உண்டு. திருக்குறளின் 95-ஆம் அதிகாரமான ‘மருந்து’, மருத்துவத்தின் நான்கு உறுப்புகளைக் கூறி முடிகிறது. நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக அங்கு வருபவன் ‘உழைச்செல்வான்’. ‘உழை’ என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து மருந்தை முறைப்படி அளித்துப் பணி செய்பவன் என்பது பொருள். வள்ளுவர் ஆண்பால் வடிவில் அமைத்த இச்சொல் பொதுவாக இருபாலாரையும் குறிக்கும் என்று கொண்டாலும், ஆணுக்கு இப்பணி அயலானது என்ற எண்ணம் அதில் சிறிதும் இல்லை.

வடமொழி மருத்துவ நூலான சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சிகிச்சையின் நான்கு பாதங்கள் என்கிறது. பணியாளனிடம் இருக்க வேண்டிய நான்கு குணங்களையும் அது வரையறுக்கிறது. பணிவிடை முறைகளை அறிந்திருத்தல், செயல்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை ஆகியவை அவை. இந்நான்கில் ஒன்றுகூட ஆணுக்கென்றோ பெண்ணுக்கென்றோ பிரிக்கத்தக்கதன்று. அறிவும் திறனும் பயிற்சியால் வருபவை. தூய்மை பழக்கத்தால் வருவது. அன்பு மனித இதயத்திற்கு உரியது.

தாயில்லாத இடத்தில்

பௌத்த விநய நூலான மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஒரு பிட்சு வயிற்றுப்போக்கால் நலிந்து, தம் மலசலத்திலேயே கிடந்தார். ஆனந்தரோடு அவ்வழியே வந்த புத்தர், உமக்குப் பணிவிடை செய்ய ஒருவரும் இல்லையா என்று வினவினார். தாம் மற்ற பிட்சுகளுக்கு எந்த உதவியும் செய்ததில்லை, ஆகையால் அவர்களும் தம்மைக் கவனிப்பதில்லை என்றார் நோயாளி. புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் செய்தார். தாமே நீரை ஊற்ற, ஆனந்தர் அவரைக் கழுவினார். புத்தர் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கி, அவரைப் படுக்கையில் கிடத்தினர்.

பிறகு பிட்சுகளைக் கூட்டி புத்தர் கூறியதன் கருத்து இது: உங்களைப் பேணத் தாயும் இங்கில்லை, தந்தையும் இங்கில்லை, ஒருவரை ஒருவர் நீங்களே பேணாவிட்டால் வேறு யார் பேணுவார்? எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவன் நோயாளிக்குப் பணிவிடை செய்யட்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தப் பிட்சுகள் அனைவரும் ஆண்கள். இல்லத்தில் தாயும் மனைவியும் சகோதரியும் செய்துவந்த பணியை அவர்கள் அங்கேயே விட்டுவந்திருந்தார்கள். பணி செய்யப் பெண் இல்லாத இடத்தில் நோயாளி கழுவப்படாமலே கிடந்தார். பரிவு பெண்ணின் குணம் என்று ஒதுக்கிவிட்டால் அதன் விளைவு என்ன என்பதை அந்தக் குடிசை காட்டியது. பரிவு பெண்ணிடமிருந்து கடன் வாங்கப்படுவதன்று, அது ஒவ்வொருவனும் தன்னிடமிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டியது என்று புத்தர் தம் கைகளால் கற்பித்தார்.

பிரிவினை வந்த விதம்

ஆண்கள் நோயாளிகளைப் பேணிய வரலாறு மேலைநாட்டிலும் நீண்டது. இத்தாலியில் 1550-இல் பிறந்த கமில்லஸ் என்பவர் இளமையில் போர்வீரராகவும் சூதாடியாகவும் இருந்தார். காலில் ஏற்பட்ட ஆறாத புண் அவரை ரோமாபுரியின் மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுசென்றது. அங்கே நோயாளியாய்க் கிடந்தவர் பின்னர் அதே இடத்தில் பணியாளரானார். நோயாளிகளுக்கென்றே தம்மை அர்ப்பணித்த துறவியர் சபையையும் நிறுவினார். தம் உடலில் பட்ட வலியே பிறர் வலியை உணரும் கண்ணாக அவருக்கு அமைந்தது.

1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டபோது செவிலியம் ஒழுங்குமுறையுள்ள கல்வியாக உயர்ந்தது. பெண்களுக்கு மதிப்புள்ள ஒரு தொழில் கிடைத்தது. மருத்துவமனைகளில் தூய்மை வந்தது. அதனால் மனித குலம் பெற்ற நன்மை அளவிடற்கரியது. ஆனால் அந்தப் பள்ளி பெண்களுக்கென்றே அமைந்தது. அம்மாதிரியே எங்கும் பரவியதால் ஆண்கள் மெல்ல மெல்ல வெளியே நிறுத்தப்பட்டனர். இங்கிலாந்தில் 1919-இன் செவிலியர் பதிவுச் சட்டம் ஆண்களைத் தனிப் பட்டியலில் வைத்தது. அமெரிக்க ராணுவத்தின் செவிலியர் படை 1955 வரை ஆண்களை ஏற்கவில்லை. நம் நாட்டில் 1943-இன் ராணுவச் செவிலியப் பணி அவசரச் சட்டம் அப்பணியைப் பெண்களுக்கென்றே வகுத்தது.

ஆகவே ‘இயல்பு’ என்று இன்று கருதப்படுவதில் பெரும்பகுதி, சில தலைமுறைகளுக்குள் அமைந்த வழக்கமேயாகும்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கருத்தும் உண்டு. நோயுற்ற பெண்ணின் உடலைத் தொட்டுப் பணி செய்வது பெண்ணாக இருப்பதே அவளது நாணத்திற்கு ஏற்றது என்பர். பிரசவ வார்டில் இக்கருத்துக்கு வலிமை அதிகம். எய்ம்ஸ் மருத்துவமனைகளின் செவிலிய அலுவலர் பணியிடங்களில் 80 விழுக்காடு பெண்களுக்கும் 20 விழுக்காடு ஆண்களுக்கும் என்று 2019-இல் முடிவு செய்யப்பட்டதன் பின்னணியில் இத்தகைய எண்ணங்களும் இருந்திருக்கலாம். நோயாளியின் நாணம் மதிக்கப்பட வேண்டியதே. ஆனால் ஆணுக்கும் நாணம் உண்டு. தம் பேத்தி வயதுடைய பெண்ணின் முன் ஆடை களையப்பட்டுக் கிடக்கும் முதியவர் கூசிக் கண்களை மூடிக்கொள்கிறார். அவருடைய கூச்சத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நாணத்தைக் காப்பது முறையென்றால், ஆண் நோயாளிகள் உள்ள அளவுக்கு ஆண் செவிலியரும் தேவை என்ற முடிவுக்கே அந்த வாதம் கொண்டுசெல்லும்.

நால்வகை மனிதர்

இனி இரண்டாவது கருத்துக்கு வருவோம். ஆண்கள் உண்மையில் எக்காரணத்தால் இப்பணியை ஏற்கிறார்கள்?

பகவத் கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் தம்மை வழிபடுவோர் நால்வகையினர் என்கிறார் ஸ்ரீகிருஷ்ணர். துன்புற்றவன், அறிய விரும்புபவன், பொருளை நாடுபவன், ஞானி என்பவர்கள் அவர்கள். செவிலியப் பணிக்கு வரும் இளைஞர்களையும் இவ்வாறே நால்வகையினராகக் காணலாம்.

தந்தையின் பக்கவாதத்தையோ தம்பியின் நீண்ட காய்ச்சலையோ அருகிருந்து பார்த்து, அந்த நாட்களில் ஒரு செவிலியர் காட்டிய கனிவை மறக்க முடியாமல் வருகிறவன் ஒருவன். அவன் துன்புற்றவன். மனித உடல் எவ்வாறு இயங்குகிறது, எவ்வாறு தளர்கிறது, எவ்வாறு மீள்கிறது என்று அறியும் வேட்கையால் வருகிறவன் இன்னொருவன். சிறு நிலமும் பெரிய கடனும் உள்ள குடும்பத்தில் பிறந்து, படித்து முடித்ததும் வேலை, பிறகு வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ நல்ல சம்பளம் என்ற கணக்கோடு வருகிறவன் மூன்றாமவன். கேரளத்திலும் ராஜஸ்தானிலும் தமிழகத்திலும் செவிலியக் கல்லூரிகளின் வாயிலில் நிற்கும் இளைஞர்களில் இத்தகையோர் பலர். நோயாளியிடம் இறைவனையே கண்டு பணி செய்ய வருகிறவன் நான்காமவன். அவன் அரியவன்.

உலகம் இம்மூன்றாமவனைத்தான் இகழ்கிறது. ஆனால் கீதை என்ன செய்கிறது? ஞானியைத் தம் ஆன்மாவாகவே போற்றும் பகவான், நால்வரையும் மேன்மையானவர்கள் என்றே கூறுகிறார். பொருளை நாடி வந்தவனும் இறைவனை நோக்கித்தானே வந்தான்! தாய் தந்தையரின் கடனைத் தீர்க்கவும் தங்கையின் திருமணத்தை நடத்தவும் ஒருவன் உழைக்க விரும்புவது இழிவான நோக்கமன்று. பொறியாளனிடமும் வங்கி அலுவலரிடமும் இந்நோக்கம் இருக்கும்போது அதைப் பொறுப்புணர்ச்சி என்று பாராட்டுகிறோம். செவிலியனிடம் மட்டும் அது குறையாகத் தெரிவதேன்?

பணி மனத்தை மாற்றுமா?

நீதியான செயல்களைச் செய்து செய்துதான் மனிதன் நீதிமான் ஆகிறான் என்பது கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலின் கருத்து. யாழை வாசித்தே யாழ் கற்பதுபோல, நற்குணமும் செயலால் வளர்கிறது. இவ்வாறு பார்த்தால், எந்த நோக்கத்தோடு ஒருவன் வார்டுக்குள் நுழைந்தான் என்பதைவிட, அங்கே நாள்தோறும் அவன் என்ன செய்கிறான் என்பதே முக்கியம். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறான். வாந்தியைத் துடைக்கிறான். மூச்சு மாறுவதை நள்ளிரவில் கவனித்து மருத்துவரை அழைக்கிறான். இவற்றைச் செய்யும் கை, சம்பளத்தை எண்ணி வந்த மனத்தையும் சிறிது சிறிதாகத் தன் வழிக்குத் திருப்பக்கூடும்.

‘கூடும்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஏனெனில் எதிர்மாறாகவும் நடக்கலாம். நாள்தோறும் துன்பத்தைப் பார்ப்பவன் மரத்துப்போகலாம். நோயாளி வெறும் படுக்கை எண்ணாக மாறிவிடலாம். ஆண்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. பெண்கள் மிகுந்த தொழில்களில் நுழையும் ஆண்கள் விரைவில் மேல்நிலைகளுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டீன் வில்லியம்ஸ் 1992-இல் எடுத்துக்காட்டினார். நோயாளியின் படுக்கையை விட்டு மேற்பார்வையாளரின் நாற்காலிக்கு நகர்வது ஆணுக்குத் தகுந்தது என்று அவனைச் சுற்றியுள்ளோர் எண்ணுகிறார்கள். அவனும் எண்ணத் தொடங்குகிறான். பணி அவனை மாற்றுவதற்கு முன்பே அவன் பணியிலிருந்து விலகிவிடுகிறான்.

அப்படியானால் பணி மனத்தைத் தூய்மையாக்குவதும் மரத்துப்போகச் செய்வதும் எதைப் பொறுத்தது? முன்பு கூறிய மகாவக்கம் நல்ல பணியாளனுக்குரிய ஐந்து இலக்கணங்களைத் தருகிறது. மருந்தைத் தயாரிக்கத் தெரிந்திருத்தல், நோயாளிக்கு ஏற்றதையும் ஏலாததையும் அறிதல், ஆதாயம் கருதாமல் அன்போடு பேணுதல், மலம், சிறுநீர், எச்சில், வாந்தி ஆகியவற்றை அகற்ற அருவருப்புக் கொள்ளாமை, தக்க வேளையில் அறமொழி கூறி நோயாளியை ஊக்குதல் என்பவை அவை. இவற்றுள் அருவருப்பின்மையே உண்மையான நுழைவாயில். அருவருப்பு என்பது ‘நான் இவனைவிட உயர்ந்தவன், இவன் உடல் வேறு, என் உடல் வேறு’ என்ற எண்ணத்தின் உடல்வடிவம். ஆணிடம் அதற்கு இன்னொரு பெயரும் உண்டு: ‘இது என் தகுதிக்குரிய வேலையன்று.’ இந்த எண்ணம் ஒவ்வொரு நாளும் சிறிது தேய்ந்தால் பணி யோகமாகிறது. தேயாமல் உள்ளே மறைந்திருந்தால் மனம் இறுகுகிறது.

தகுதியை இழக்கத் துணிந்தவர்கள்

இவ்வெண்ணத்தைக் கடந்த ஆண்கள் நம் நாட்டில் தோன்றியிருக்கிறார்கள். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்தபோதே, டர்பனில் ஒரு சிறு தரும மருத்துவமனையில் நாள்தோறும் ஓரிரு மணி நேரம் பணி செய்தார். 1906-இல் ஜூலு மக்களின் எழுச்சியின்போது, கசையடிபட்ட ஜூலுக்களின் சீழ்பிடித்த புண்களுக்கு மருந்திட வெள்ளையர் முன்வரவில்லை. அந்தப் பணியை அவரும் அவருடைய சிறிய குழுவினரும் செய்தனர். பிற்காலத்தில் சேவாகிராமத்தில் தொழுநோயுற்ற சம்ஸ்கிருத அறிஞர் பர்ச்சுரே சாஸ்திரியின் உடலைத் தம் கைகளாலேயே பிடித்துவிட்டார். மகிழ்ச்சியின்றிச் செய்யப்படும் சேவை செய்பவருக்கும் பயனில்லை, பெறுபவருக்கும் பயனில்லை என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை.

ஹரித்துவாரத்தை அடுத்த கன்கலில் 1901-இல் சுவாமி விவேகானந்தரின் சீடர் சுவாமி கல்யாணானந்தர் நோயுற்ற சாதுக்களுக்காகப் பணியைத் தொடங்கினார். முன்னாள் போர்வீரரான சுவாமி நிச்சயானந்தர் சில ஆண்டுகளில் அவரோடு சேர்ந்தார். மருந்து கொடுப்பதோடு நில்லாமல், நோயாளிகளின் மலசலத்தையும் இருவரும் தாங்களே அகற்றினர். அதனால் ஆசாரம் மிகுந்த சாதுக்கள் அவர்களைத் தோட்டி வேலை செய்யும் ‘பங்கி சாதுக்கள்’ என்று இகழ்ந்து, தங்களோடு அமர்ந்து உண்ண இடம் தரவில்லை. அவ்விருவரும் அதற்காகப் பணியை நிறுத்தவில்லை, மறுப்பும் பேசவில்லை. கல்யாணானந்தர் 1937-இல் மறையும் வரை, முப்பத்தாறு ஆண்டுகள் அப்பணியிலேயே இருந்தார்.

அண்மைக் காலத்திலும் இத்தகையோர் உண்டு. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் எபோலா பரவியபோது, கெனெமா நகர மருத்துவமனையில் செவிலியர் பலர் மாண்டனர். வில்லியம் பூலி என்ற ஆங்கிலேய இளைஞர், தாமே விரும்பி அங்கே செவிலியராகச் சென்றார். ஆகஸ்ட் மாதம் நோய் அவரையும் பற்றியது. லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு உயிர்பிழைத்தார். அக்டோபரில் மீண்டும் அதே நாட்டிற்குப் பணி செய்யத் திரும்பினார். அவரும் சம்பளம் பெற்று வாழும் தொழிலுக்குப் பயின்றவர்தாம். பயின்ற தொழில் அவரை எங்கே கொண்டுசென்றது என்பதே கருதத்தக்கது.

ஊதியமும் தொண்டும்

‘ஆதாயம் கருதாமல்’ என்ற இலக்கணத்தைப் பணியாளனுக்கு எடுத்துரைக்கும்போது, பணிகொள்பவருக்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. தொண்டு என்ற புனிதமான சொல், குறைந்த ஊதியத்தை மறைக்கும் திரையாகப் பலமுறை பயன்பட்டிருக்கிறது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலை குறித்த வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம், ஒரு குழு அமைத்து ஆராயுமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஐம்பது படுக்கைகளுக்கும் குறைவான மருத்துவமனையிலும் மாதச் சம்பளம் ரூ.20,000-க்குக் குறையலாகாது என்று அக்குழு பரிந்துரைத்தது. அதைவிடக் குறைந்த தொகைக்கு எத்தனை பேர் இரவும் பகலும் நின்று உழைத்தார்கள் என்பதை இப்பரிந்துரையே உணர்த்துகிறது.

தியாகம் என்பது ஒருவன் தானாக அளிப்பது. பிறர் அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்வது தியாகமாகாது. நியாயமான ஊதியம் பெறும் செவிலியன் வீட்டுக் கவலையின்றி நோயாளியின் முன் நிற்க முடியும். சம்பளம் அவன் நேரத்திற்கும் திறனுக்கும் உரியது. அவன் காட்டும் அன்புக்கு விலையில்லை. எனவே அதைச் சம்பளம் கெடுத்துவிடவும் முடியாது. மகாபாரதத்தின் தர்மவியாதன் இறைச்சி விற்றுப் பொருள் ஈட்டியவன். அவன் தன் தொழிலையும் விடவில்லை, முதிய பெற்றோருக்குச் செய்த பணிவிடையையும் விடவில்லை. தவமியற்றிய அந்தணர் அவனிடம் வந்து தருமத்தைக் கற்றார். பிழைப்பும் அறமும் ஒரே மனிதனிடம் குடியிருக்க முடியும் என்பதை இக்கதை காட்டுகிறது.

யாரிடம் கேட்பது?

ஆண் ஏன் செவிலியப் பணியை ஏற்கிறான் என்ற கேள்விக்கு, உலகில் உள்ள ஆண் செவிலியர் எத்தனை பேரோ அத்தனை விடைகள் இருக்கும். அவற்றுள் எதுவும் வெட்கத்திற்குரியதன்று. இதனினும் கூர்மையான கேள்வி மற்ற ஆண்களை நோக்கி நிற்கிறது. இல்லத்தில் தந்தை படுக்கையில் விழுந்தால், அவரைக் கழுவுவது மருமகளின் பணி என்றும், மருத்துவச் செலவைக் கொடுப்பது மகனின் பணி என்றும் பிரித்தவர் யார்? பணம் கொடுத்ததோடு தன் கடமை முடிந்தது என்று எண்ணும் மகன் இழப்பது எதை? தன்னைத் தோளில் சுமந்தவரின் உடலை ஒருமுறையேனும் தாங்கிப் பிடிக்கும் பேற்றை அவன் இழக்கிறான். அவன் மனைவியோ, பேறாக இருக்க வேண்டியதைத் தனியொருத்தியாகச் சுமந்து, சுமையாகவே அறிகிறாள்.

மருத்துவமனைகளில் பெண் செவிலியரை ‘சிஸ்டர்’ என்று அழைக்கும் வழக்கத்தையொட்டி, ஆண் செவிலியரை ‘பிரதர்’ என்று நோயாளிகள் அழைக்கிறார்கள். சகோதரன் என்பதே அதன் பொருள். நள்ளிரவில் வலி தாங்காமல் ஒருவர் அவ்வாறு அழைக்கும்போது, அழைக்கப்பட்டவன் எக்காரணத்தால் இத்தொழிலுக்கு வந்தான் என்று அவர் விசாரிப்பதில்லை. அவன் எழுந்து வருகிறானா என்றே பார்க்கிறார். எழுந்து வருகிறவன், வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பாக அந்த வேளையில் நிற்கிறான். தம் மகன் இப்பணியை விரும்புவதாகச் சொல்லக் கேட்கும் பெற்றோர், தயக்கமின்றி அவனை வாழ்த்தி அனுப்பலாம்.